ஓதலைத் திருத்துவதும் ஒருவர் மானமும்



சென்ற மாதத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் என் கடைவாசலில் இரு வியாபாரிகள் தேநீர் அருந்திக்கொண்டே பலமாகத் தர்க்கித்துக்கொண்டார்கள். இருவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் மாலையில் ஓதி வருகின்றன. அங்கே புதிதாக வந்திருக்கும் உஸ்தாது, ஒவ்வோர் எழுத்தும் அதனதன் மக்ரஜிலிருந்து சுத்தமாகப் பிறக்கும் வரையில் பிள்ளைகளை அடுத்த வரிக்குப் போக விடுவதில்லையாம். "ஆறு வாரமாகிவிட்டது, என் மகன் இன்னும் ஹாவிலேயே நிற்கிறான். இப்படி நிறுத்தி வைத்தால் அவன் ஓதப் போவதையே விட்டுவிடுவான்" என்றார் ஒருவர். "தப்பும் தவறுமாக முப்பது ஜுஸ்வும் ஓடி முடித்து என்ன பயன்? அடித்தளம் கோணினால் சுவர் கோணாதா?" என்றார் மற்றவர். நான் சில வருஷம் மத்ரஸாவில் ஓதியவன் என்பதால் இருவரும் என்னைத் தீர்ப்புக் கேட்டார்கள். நான் சில்லறை எண்ணுவதுபோலப் பாசாங்கு செய்து பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் கேள்வியைச் சரியாக எடுத்து வைத்துக்கொள்வோம். தன் தாய்மொழியில் இல்லாத ஓர் ஒலியை ஒருவருக்குக் கற்றுக் கொடுக்கும்போது எதுவரையில் வற்புறுத்தலாம்? திருத்துவது எப்போது கடமையாகிறது, எப்போது கொடுமையாகிறது? இது ஓதற்பள்ளிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம்மில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அன்னிய பாஷையைத் திக்கித் திணறிக் கற்றவர்கள்தாம்.

நமக்கு முந்தியவர்கள் கப்பலிறங்கி வியாபாரத்துக்காக முதலில் கற்றது மலாய் பாஷை. அரிசிக்கு மலாயில் ஒரு சொல் உண்டு. பிழிந்தெடுப்பதற்கும், அதன் வழியாக ஒருவரைக் கசக்கிப் பணம் பறிப்பதற்கும் வேறு ஒரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பெராஸ்'தான். நாம் ஒருவரை மரியாதையாக 'பாய்' என்று கூப்பிடும்போது வருகிற ஒலி அரிசியினுடையது. படுக்கிற பாயைச் சொல்லும்போது வருகிற ஒலி மற்றதனுடையது. இதேபோலச் சம்பளத்துக்குரிய மலாய்ச் சொல்லும், ஒன்றை ஆராய்ந்து படித்தல் என்பதற்குரிய சொல்லும் நம் எழுத்தில் ஒரே 'காஜி'யாகிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன், "என்ன வேண்டும்?" என்று கேட்டு வந்த மலாய்க்கார அம்மாளிடம், நயமான பெராஸ் இருக்கிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வாயில் வந்தது பிழிகிற பெராஸ். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. அரிசி மூட்டை எதிரிலேயே இருந்தது; கையால் அள்ளிப் பார்த்து ஐந்து கிலோ போடச் சொல்லிவிட்டுப் போனார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சரக்கு கண்ணெதிரே இருக்கிற இடத்தில் சொல் சற்றுக் கோணினாலும் காரியம் கெடுவதில்லை. சந்தைப் பேச்சில் சரக்கும் முகமும் கையும் சேர்ந்து பேசுகின்றன. நாக்கு விட்ட குறையை அவை நிரப்பிவிடும். இக்காலத்து மொழியாசிரியர்களில் பலர், அன்னிய பாஷையைச் சுதேசிகளைப் போலவே பேச வேண்டும் என்று மாணவனை வாட்டாமல், கேட்பவருக்கு விளங்கும்படி பேசினால் போதும் என்று கற்பிக்கிறார்களே, அது இந்த வகையில் மிகச் சரி.

ஆனால் ஓதலில் அரிசி மூட்டை இல்லை. இருப்பது சொல் ஒன்றுதான். அரபியில் இருதயத்துக்கு 'கல்பு' என்பார்கள். நாய்க்கும் 'கல்பு' என்பார்கள். இரண்டுக்கும் வேறுபாடு முதலெழுத்தில் இருக்கிறது. ஒன்று நாவின் அடி உள்நாக்கை ஒட்டி மேலெழும்பப் பிறப்பது. மற்றொன்று அதற்குச் சற்று முன்னே பிறப்பது. 'அலீம்' என்பது தொண்டையின் நடுவிலிருந்து வரும் எழுத்தால் தொடங்கினால், எல்லாம் அறிந்தவன் என்ற பொருளில் அல்லாஹ்வின் திருநாமமாகும். தொண்டையின் அடியிலிருந்து வரும் வேறோர் எழுத்தால் தொடங்கினால் வேதனை தரக்கூடியது என்று ஆகிவிடும். வேதனையைப் பற்றிய ஆயத்துகளில் அச்சொல் வருகிறது. பாருங்கள், இந்தத் தாளில் இரண்டையும் நான் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. எவ்வளவு விளக்கினாலும், அருகில் உட்கார்ந்து வாயால் சொல்லிக் காட்டினால் அன்றி உங்களுக்கு அது கேட்காது.

யாஸீன் முதலிய சூராக்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த புத்தகங்களை நம் வீடுகளில் எத்தனையோ பெண்மணிகள் வைத்து ஓதி வந்தார்கள். அவற்றைப் பழிக்க எனக்கு மனம் வராது. அவை இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்தச் சூராக்களே கிடைத்திரா. ஆனால் 18 மெய்யெழுத்து வைத்துக்கொண்டு, நான்கு கிரந்த எழுத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, அரபியின் 28 எழுத்தையும் அளக்கப் போனால் படி பற்றாது. நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. அவர்கள் தமிழையே அரபி எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை உண்டாக்கியபோது, அரபியில் இல்லாத நம் ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காக இருக்கிற எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய வடிவங்களைச் செய்தார்கள். ஓர் ஒலி நம்மிடம் இல்லை என்பதற்காக அதை ஒழித்துவிடக் கூடாது, அதற்கு ஓர் இடம் பண்ணித் தரவேண்டும் என்ற அந்த மனப்பான்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒலி எங்கே பிறக்கிறது என்று ஆராய்வது தமிழருக்கும் அன்னியமானதல்ல. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் 'பிறப்பியல்' என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. அரபியில், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள், தாம் தொடங்கிய அகராதியில் எழுத்துகளை அலிஃப், பே என்று வரிசைப்படுத்தாமல், தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு வரையில் அவை பிறக்கும் இடத்தை வைத்தே வரிசைப்படுத்தினார்கள். ஆகவே அது ஐன் என்ற எழுத்தில் தொடங்குகிறது. அந்நூலுக்குப் பெயரே 'கிதாபுல் ஐன்'. அவர்களிடம் கற்ற ஸீபவைஹி, அரபி இலக்கணத்துக்கே அடிப்படையான நூலை எழுதியவர், பாரசீகத்தார். அரபி அவருக்கும் கற்றுக்கொண்ட பாஷைதான்.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுவதுண்டு. இளம் வயதில் ஹதீது பாடத்துக்குப் போய் உட்கார்ந்தபோது, ஒரு சொல்லின் முடிவைத் தவறாகச் சொல்லிவிட்டார். ஆசிரியர் சபையிலேயே அதைப் பிழை என்று எடுத்துக் காட்டினார். "இனி ஒருவரும் என்னிடம் பிழை காண முடியாத கல்வியையே கற்பேன்" என்று எழுந்து போய் இலக்கணத்தில் இறங்கினாராம். இதைச் சொல்லி, பார், சபையில் திருத்தியதால்தானே ஒரு ஸீபவைஹி கிடைத்தார் என்று வாதிப்போர் உண்டு. உண்மைதான். ஆனால் அவர் வாலிபர். கற்பதற்கென்றே வந்து உட்கார்ந்தவர். முன்னால் முழு ஆயுளும் கிடந்தது. அதே வார்த்தையை எழுபது வயதுக் கிழவரிடம் நாலு பேர் முன்னிலையில் சொன்னால் ஸீபவைஹி கிடைக்கமாட்டார். இருக்கிற கிழவரையும் இழப்போம்.

தஜ்வீதுக்கு ஆலிம்கள் சொல்லும் இலக்கணம் நம் போன்ற வியாபாரிகளுக்கு உடனே விளங்கக்கூடியது. ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் ஹக்கைக் கொடுத்துவிடுவதே தஜ்வீது என்கிறார்கள். இதைத்தான் நாம் தராசில் செய்கிறோம், அல்லது செய்ய வேண்டும். அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. அதில், தமக்கு வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத்தான் அல்லாஹ் குறிப்பிடுகிறான். ஒரு ராத்தலில் ஓர் அவுன்சு குறைந்தாலும் அது குறைவுதான். ஆகவே எழுத்துக்குரிய ஹக்கைக் கொடு என்று வற்புறுத்தும் அந்த உஸ்தாதைக் கடுமைக்காரர் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அவர் சரியான படிக்கல்லைக் கையில் வைத்திருக்கிறார்.

ஆனால் ஹக்கு எழுத்துக்கு மட்டுமா? எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் ஒரு ஹக்கு இருக்கிறதே!

மார்க்கச் சட்ட நூல்களைப் பாருங்கள். பாத்திஹா சூராவில் ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றி ஓதுகிறவரைப் பற்றி ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் பேசும்போது, முதலில் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: இவர் கற்றுக்கொள்ள வழியிருந்தும் கற்காமல் விட்டவரா, முயன்றும் நா வளையாதவரா? முன்னவர் விஷயத்தில் சட்டம் கடுமையானது. பின்னவருடைய தொழுகை அவரைப் பொறுத்தமட்டில் நிறைவேறும். ஆனால் சரியாக ஓதத் தெரிந்தவர்களுக்கு அவர் இமாமாக முன்னிற்பது கூடாது. ஹனபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் சில எழுத்துகளின் விஷயத்தில் பொதுமக்களுக்கு இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கிறார்கள். விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கடைக்காரன். நான் இங்கே சொல்ல வந்தது, காதில் விழுந்த ஒலியை மட்டும் வைத்துச் சட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை, அந்த மனிதனின் முயற்சியையும் சக்தியையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்கிறது என்பதையே.

குர்ஆனைத் தேர்ச்சியாக ஓதுபவருக்குள்ள உயர்ந்த அந்தஸ்தைச் சொல்லிவிட்டு, திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. திர்மிதியில் உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொன்றும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம், தாம் எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் அனுப்பப்பட்டிருப்பதையும், அவர்களில் கிழவியும் கிழவரும் சிறுவரும் சிறுமியரும் ஒருபோதும் ஏட்டைத் தொட்டறியாதவரும் இருப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு விடையாகத்தான் குர்ஆன் ஏழு வகையில் இறங்கியிருக்கும் செய்தி வந்தது. ஓதும் முறையைப் பற்றிய பேச்சிலேயே கிழவனையும் கிழவியையும் நினைத்த கருணை அது.

இந்த இடத்தில் நம் மௌலிது மஜ்லிஸ்களில் பலமுறை கேட்ட ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். பிலால் (ரலி) அவர்களுக்கு ஷீன் என்ற எழுத்து வராது, ஸீனாகத்தான் வரும், ஆயினும் அல்லாஹ்விடத்தில் பிலாலின் ஸீன் ஷீனாகவே ஏற்கப்பட்டது என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதையாக இருந்தது. ஆனால் மிஸ்ஸீ, இப்னு கஸீர் போன்ற ஹதீதுக்கலை இமாம்கள் இதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பாங்கு சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களின் குரலும் உச்சரிப்பும் தெளிவானவையாகவே இருந்திருக்க வேண்டும் என்பது யோசித்தால் நமக்கே தெரியும். ஆறுதல் தருகிறது என்பதற்காக இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆறுதலுக்கு மேலே சொன்ன ஆதாரமுள்ள ஹதீதுகளே போதுமானவை.

ஆதாரமுள்ள மற்றொரு சம்பவம். ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் புர்கான் சூராவை ஓதுவதை உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். தாம் கற்ற விதத்துக்கு அது மாறாக இருந்தது. தொழுகை முடிந்ததும் அவரை மேலாடையோடு பிடித்து இழுத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவர் தவறாக ஓதுகிறார் என்று முறையிட்டார்கள். நபியவர்கள் முதலில் அவரை விடச் சொன்னார்கள். பிறகு ஹிஷாமை ஓதச் சொல்லிக் கேட்டார்கள். இப்படித்தான் இறங்கியது என்றார்கள். உமரையும் ஓதச் சொல்லிக் கேட்டார்கள். இப்படியும்தான் இறங்கியது என்றார்கள். இருவரையும் ஓதவிட்டு முழுவதும் கேட்ட பிறகே தீர்ப்பு வந்ததைக் கவனிக்க வேண்டும். பிடித்த பிடியை விடச் சொன்னது அதற்கும் முன்னால்.

இனி, நான் அந்த இருவருக்கும் பதில் சொல்லாமல் இருந்த காரணத்துக்கு வருகிறேன்.

பினாங்கில் என் வாப்பாவின் கடையில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். கடையில் எல்லாரும் அவரைக் 'கணக்குக் காக்கா' என்போம். இராமநாதபுரத்துக் கரையோர ஊர்க்காரர். வாப்பாவிடம் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வியாழன் இரவு கடை அடைத்த பிறகு, மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து, பாத்திஹாவும் யாஸீனும் ஓதித் துஆச் செய்வது அவர் வழக்கம். பக்கத்துக் கடைச் சிப்பந்திகளும் வந்து உட்காருவார்கள். நான் ஊரில் மத்ரஸாவில் ஓதிவிட்டுப் புதிதாக வந்திருந்தேன். இருபத்திரண்டு வயது. தஜ்வீது பாடம் சுடச்சுட நாவில் இருந்தது.

ஒரு வியாழன் இரவு அவர் பாத்திஹாவின் கடைசிச் சொல்லை ஓதியபோது நான் குறுக்கிட்டேன். "காக்கா, அது ளகரம் இல்லை. ளாத் எழுத்தைக் கனமாகத் தகரம் சாயச் சொல்லவேண்டும்" என்று ஓதிக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சொல்லு தம்பி" என்றார். நான் சொன்னேன். அவர் முயன்றார்; வரவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை அவர் வாயைக் கோணி முயன்றபோது வந்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். நானும் சற்றுச் சிரித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. மீதியை என்னையே ஓதச் சொன்னார்.

அடுத்த வியாழனும் "தம்பி ஓதட்டும்" என்றார். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. அதன்பின் அவர் உரக்க ஓதி நான் கேட்டதில்லை. சில வருஷத்தில் மௌத்தானார். அவருக்காக யாஸீன் ஓதியவனும் நான்தான். மிகச் சுத்தமான மக்ரஜோடு ஓதினேன்.

வெகுகாலம் கழித்து ஓர் ஆலிமிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. ஸீபவைஹியின் நூலிலும், பின்வந்த தஜ்வீது நூல்களிலும், ளாத் என்ற எழுத்து நாவின் பக்கவாட்டு ஓரம் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டும் இடத்தில் பிறப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது காற்று நாவின் பக்கமாக வருகிற ஒலி. தமிழில் காற்று நாவின் பக்கமாக வருகிற ஒலிகளில் ஒன்று நம் ளகரம். நாம் பர்ளு என்கிறோம், ஒளு என்கிறோம், களா என்கிறோம், ரமளான் என்று எழுதுகிறோம். இந்தக் கட்டுரையிலேயே ஸஹாபாக்களின் பெயருக்குப் பின் நான் அடைப்பில் இட்டு வருகிற 'ரலி'யில் இருப்பதும் அந்த எழுத்துத்தான். மலாய்க்காரர்களைப் பாருங்கள்: பர்ளு என்ற அதே சொல் அவர்களிடம் 'பெர்லு' ஆகி, தேவை என்ற பொருளில் நாள்தோறும் சந்தையில் வழங்குகிறது. சம்மதம் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ரெலா' என்பது ரிளா. அதற்கு அண்டை ஒலியான ழா என்ற எழுத்தும் அவர்களுக்கு 'லோஹோர்', நமக்கு 'லுஹர்' என்று லகரமாகவே வந்திருக்கிறது. கடல் கடந்து இரு கரையிலும் இப்படி ஒரே விதமாக இருப்பதைக் காட்டி, பழங்காலத்து அரபி ஆசிரியர்கள் அந்த எழுத்தைப் பக்கவாட்டு ஒலியாகவே கற்பித்த சுவடு இது என்று பாஷை ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இக்காலத்து அரபு நாடுகளில் பொதுவாகக் கேட்பதோ கனத்த தகரம் போன்ற ஒலி. நான் கற்று வந்ததும் அதுதான்.

காக்கா ஓதியதே முற்றிலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ளாத் எழுத்துக்குரிய கனமும் நீட்சியும் நம் ளகரத்தில் கிடையாது. காரிகள் அதை அப்படியே ஏற்கவும் மாட்டார்கள். ஆனால் நான் சிரித்த அந்த ஒலியில், என்னிடம் இல்லாத ஏதோ ஒன்று, அவருடைய லெப்பையும் அந்த லெப்பையின் லெப்பையுமாகக் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை. தவறு எங்கே வருகிறது என்று மட்டும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்பது என்று அதற்குப் பெயர் கிடையாது.

இந்தக் குற்றம் என் தலையில் இருப்பதால்தான் அந்த இருவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லக் கூசினேன். இப்போது எனக்குப் பட்டதை எழுத்தில் வைக்கிறேன்.

எழுத்துச் சுத்தம் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எந்த எழுத்து மாறினால் பொருள் மாறுமோ அதை முதலில் பிடிக்கட்டும். எல்லாத் தொழுகையிலும் தேவைப்படும் பாத்திஹாவை முதலில் செப்பனிடட்டும். குரலின் இனிமையும் ராகமும் அழகும் அதற்கு அப்பால் வருகிற விஷயங்கள். வந்தால் நலம், வராவிட்டால் பிள்ளையைக் குறைத்துப் பேச அவை காரணமாகா. ஆனால் ஓர் எழுத்து வரவில்லை என்பதற்காக ஆறு வாரம் ஒரு பிள்ளையை அதே இடத்தில் நிறுத்துவது வைத்தியமல்ல. முன்னே போகவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒருமுறை அந்த எழுத்துக்குத் திரும்பி வரச்செய்யலாம். நம் காலத்தில் அலிஃப் ஜபர், ஜேர், பேஷ் என்று கூட்டிக் கூட்டி ஓதினோம். இந்தோனேசியாவில் யோக்யாகர்த்தாவைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் அவர்கள் அமைத்த ஆறு பாகம் கொண்ட 'இக்ரஃ' புத்தகங்கள் அந்தக் கூட்டலை விட்டுவிட்டு ஒலியையே நேராகச் சொல்லவைக்கின்றன. இந்நாட்டில் பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் அதிலேதான் தொடங்குகிறார்கள். ஓட்டம் விரைவில் வருகிறது, உண்மை. மக்ரஜை அந்தப் புத்தகமும் தானாகக் கொடுத்துவிடாது.

ஒலிப்பதிவு இருக்கிறதே, கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். எகிப்தின் மஹ்மூது கலீல் ஹுஸரி அவர்கள் 1961-இல் குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிவு செய்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஹக்கைக் கொடுத்து ஓதிய அந்த ஓதலைக் கேட்டுத் திருந்திய நாக்குகள் உலகமெங்கும் உண்டு. என் நாக்கும் அவற்றில் ஒன்று. ஆனால் பதிவு ஓதிக் காட்டும். நாம் ஓதுவதைக் கேட்காது. பிழையைக் காட்டும் கருவிகளும் கைப்பேசியில் வந்துவிட்டன. அவை சிவப்புக் கோடு போடும். நாக்கு எங்கே இடறுகிறது என்று பிள்ளையின் வாயைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பின்னே" என்று சொல்ல உஸ்தாதுதான் வேண்டும். ஆதிமுதல் நம்மவர்கள் ஏட்டிலிருந்து மட்டும் ஓதலைக் கற்காமல், வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வாய்க்குமாக வாங்கி வந்ததன் காரணம் இதுவே.

இதில் வியாபாரிகளாகிய நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் உஸ்தாதுக்கு நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம் ஓதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் பங்குக்கு ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தில் ஒரு பிள்ளையின் தொண்டையைத் திறந்து ஹாவை எடுக்க எந்த உஸ்தாதால் முடியும்? முடியாதபோது அவர் என்ன செய்வார், ஒன்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். அல்லது எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல் என்பார். நாம் பள்ளிவாசலுக்குக் கம்பளமும் ஒலிபெருக்கியும் வாங்கித் தருவதில் சளைத்தவர்களல்ல. அவற்றில் நம் பெயரும் தெரியும். இன்னோர் உஸ்தாதுக்குச் சம்பளம் என்று கேட்டால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறோம். பிள்ளைகளின் ஓதலில் குறைவைக் கண்டுபிடிக்கும் நாம், அந்தக் குறைவில் நம் கைப்படிக்கல்லும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதில்லை. பதினைந்து பிள்ளைக்கு ஓர் உஸ்தாது என்று அமைக்கச் சங்கத்தார் முயன்றால் என் பங்கைத் தரச் சித்தமாயிருக்கிறேன். மற்றச் சகோதரர்களும் யோசிக்க வேண்டும்.

ஆறு வாரமாக ஹாவில் நிற்கிற அந்தப் பையன் போன வாரம் வாப்பா சொன்னதாகச் சீனி வாங்கக் கடைக்கு வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. ஹா சொல்லு என்றேன். நம் ஊர் ஹகரத்தைத்தான் சொன்னான். தராசின் கண்ணாடியைக் காட்டி, இதைத் துடைக்க வேண்டுமானால் எப்படி வாயால் ஆவி விடுவாய், விடு பார்க்கலாம் என்றேன். விட்டான். கண்ணாடி மங்கிற்று. அந்த இடத்திலிருந்தே சொல்லு, தொண்டையைச் சற்று இறுக்கிக்கொள் என்றேன். இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை சுத்தமாக வந்தது. அவனே திடுக்கிட்டான்.

"உஸ்தாது இப்படிச் சொல்லித் தரலையா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க மாமா. நான் செஞ்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வாயையே திறக்கலை" என்றான்.

சீனியை நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன். இன்ஷா அல்லாஹ், இந்த வியாழன் இரவு யாஸீனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.